குமாசிக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைப் பூ

முடி வெட்டுகிற தொழிலில் கத்தி நம் கையில் இருக்கும். பேச்சு மட்டும் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம். சலூன் வைத்திருக்கிற சகோதரர்களே, ஊர்ப்பெருமை பேசாமல் எழுந்துபோன ஒரு தலையையாவது பார்த்திருக்கிறீர்களா? யாங்கோன் நகரத்து மிங்கலா தாங்ஞுன்டில், பந்து மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் எனக்கு வாய்த்த தலை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

நீதிபதி கட்டிங்

மென்சா கானா நாட்டுக்காரர். குமாசி என்ற நகரத்தில் பிறந்து, இங்கே ஒரு கிளப்புக்குப் பந்தாட வந்தவர். பர்மிய மொழியை நம்மைவிட வேகமாகப் பொரிந்து தள்ளுவார். முதல் நாளே என் சீப்பு அந்தச் சுருட்டைக்குள் போய்ப் பல் உடைந்தது. ஆசாமி கண்டுகொள்ளவில்லை. போனை எடுத்துத் தன் ஊர்ப் பெரிய மனிதர்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்: ஒரு நீதிபதி, ஒரு பாடகர், ஒரு குத்துச்சண்டைக்காரர், ஒரு டாக்டரம்மா.

"இன்னிக்கு நீதிபதி மாதிரி வெட்டு" என்றார். நீதிபதிக்கோ நடுமண்டை வழுக்கை. நான் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். பர்மியர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை 'அக்கோ' என்று கூப்பிட்டுச் சொன்னார்: "தைரியமா வெட்டு அக்கோ, எனக்குத் திரும்ப வளரும், பாவம், அவருக்குத்தான் வளரல."

பாதித் தலை

இன்னொரு நாள் இடது பக்கம் முடித்தேன், கரண்ட் போய்விட்டது. யாங்கோனில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஜெனரேட்டரும் காலை வாரியது. கத்தரியால் முடிக்கலாம் என்றால் மென்சாவுக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. ஏற்கெனவே அந்த சீசன் முழுக்க அவரைப் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்கள். கடைசி ஆட்டத்திலாவது இறங்கி ஏதாவது செய்யாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். அதைச் சொல்லும்போது மட்டும் மனுஷன் குரல் இறங்கிப்போகும்.

பாதித் தலையோடு தெருவில் ஓடினார். எதிர் டீக்கடை ஊ மியா அவரைப் போகும்போது ஒரு பக்கமும், திரும்பும்போது மறுபக்கமும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ரெண்டு ஆளு மாதிரி இருக்கான், ஒருத்தனையாவது கோச் இறக்கிவிடலாம்ல?"

ஒரே பஸ்

அப்புறம் ஒருநாள் அந்தப் பெரிய மனிதர்களையெல்லாம் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். குமாசியில் சலூன் என்றால் சுவரில் பெரியவர்கள் இருக்கவேண்டுமாம். சரி, மாட்டித் தொலைத்தேன். என் வீட்டுக்காரி லெட்சுமிக்கு ஒரு பழக்கம்: வெள்ளிக்கிழமை என்றால் முருகனிலிருந்து செத்துப்போன என் அப்பா வரைக்கும், சுவரில் இருக்கிற எல்லோருக்கும் மாலை. குமாசிக்காரர்களுக்கும் போட்டுவிட்டாள். "எதுக்கு இந்தப் பூ?" என்று மென்சா கேட்டதற்கு, "பெரியவங்களுக்குப் போடுறது" என்றாள். அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு எப்போ?" என்றார். "ஒரு கோல் போடு, பார்க்கலாம்" என்றேன், வாய் சும்மா இருந்தால்தானே!

அன்று லத்தா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் சவரத்துக்கு வந்தார். வரிசையாக மாலை போட்ட படங்களைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அட பாவமே, எல்லாரும் ஒரே பஸ்ஸுலயா போனாங்க?"

மென்சாவின் படம்

கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் கோச் அவரை இறக்கினார். ஐயோ, தலையால் முட்டி கோல்! அந்தத் தலையை வெட்டியவன் நான் என்பதை எல்லோரும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும். மறுநாள் காலை லெட்சுமி சந்தோஷம் தாங்காமல் அவர் படத்தையும் மாட்டி, இருப்பதிலேயே பெரிய மாலையாகப் போட்டாள்.

காதர் பாய் உள்ளே வந்தார், நிமிர்ந்து பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார். "நேத்துதானே கோல் போட்டுச்சு அந்தப் புள்ள, தம்பி!" நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் புள்ளையே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது, கிளப்பில் இன்னொரு வருஷம் வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல. பாய் துள்ளி எழுந்ததில் பவுடர் டப்பா உருண்டது. மனுஷர் படத்துக்கு மாலை போட்டால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம் எனப் பாயே மென்சாவுக்கு விளக்கினார். லெட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையை எடுக்கப் போனாள். மென்சா அவள் கையைத் தடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"வருஷம் பூரா பெஞ்சுல கிடந்தேன், எனக்காக யாரும் அழல. பூ இருக்கட்டும், அக்கோ."

ஆக, இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மேலே மாலையோடு தொங்கும் பெரிய மனிதர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து தன் ஊர்ப்பெருமையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், கத்தி மட்டும் பேருக்கு என் கையில் இருக்கிறது.