கைக்கு விட்ட இடம்

குளியலறையிலிருந்து ‘சரக்’கென்று அளவு நாடா சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை. முன்னறையில் தையல் மெஷின் ஓரமாகச் சக்கர நாற்காலியில் இருந்த தையலக்கா கழுத்தை எக்கிப் பார்த்தாள். ஒரே கதவை எதற்கு மூன்று முறை அளக்கிறார் இந்தப் பொறியாளர்?

விபத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் பஸ் ஓட்டும் கணவர்தான் அவளைக் குழந்தை மாதிரி தூக்கிப்போய்க் குளிப்பாட்டினார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனாலும், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளிக்க வேண்டும் என்ற ஏக்கம் அவள் நெஞ்சுக்குள் புழுங்கிக்கொண்டே இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் வீட்டை அரசாங்கமே மாற்றிக் கட்டித் தரும் திட்டத்தில் பெயர் வந்த அன்று ஓவென்று அழுதுவிட்டாள். வேலை முடிந்தது. இந்தப் பொறியாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பொறியாளர் வெளியே வந்தார்.

“என்னம்மா இது? வரைபடத்துல கதவு இருபத்தெட்டு அங்குலம். இங்க முப்பத்திரண்டு இருக்கு. யார் மாத்தினது?”

“நான்தான் சார். சுவத்துல சாக்பீஸால கோடு போட்டேன். மேஸ்திரி அதுப்படி இடிச்சுட்டார்.”

“ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேக்காமலா?”

“துணி வெட்டறப்போ யாரைக் கேக்கறோம் சார்? அளவுக்கு மேல கொஞ்சம் தாராளம் விட்டாத்தானே கை நுழையும்?”

“இவ தச்ச சட்டையில ரெண்டு பேர் குடியிருக்கலாம் சார்,” என்றார் பக்கத்தில் நின்ற கணவர். பொறியாளர் சிரிக்கவில்லை.

“பிரிச்சு மறுபடி கட்டணும்மா. அதுவரைக்கும் புழங்கக் கூடாது.”

தலையில் இடி விழுந்தது போலிருந்தது அவளுக்கு. கண்ணில் நீர் முட்டியது. நாக்கு மட்டும் அடங்கவில்லை.

“சார், இந்த நாற்காலியில நீங்க ஒரு தடவை உக்காருங்க. படுக்கையறைக் கதவு உங்க வரைபடப்படியே கட்டினது. அது வழியா போயிட்டு வாங்க, போதும்.”

கணவர் அவளைத் தூக்கி மடக்குக் கட்டிலில் வைத்தார். பொறியாளர் தயங்கித் தயங்கி நாற்காலியில் அமர்ந்து, சக்கரங்களை இரண்டு கையாலும் தள்ளினார். நிலைச்சட்டத்துக்குள் நுழைந்ததும் “ஆ!” என்று அலறல். இரண்டு கை விரல் முட்டிகளும் சட்டத்தில் உரசிச் சிராய்த்திருந்தன.

“நாற்காலியை அளந்தீங்க. அதைத் தள்ளுற கையை அளக்கலையே சார்!”

விரலை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் படிவத்தில் எழுதினார்: குளியலறைக் கதவு சரி, படுக்கையறைக் கதவை முப்பத்திரண்டாக்க வேண்டும். கீழே கையெழுத்து.

“எப்போலேர்ந்து புழங்கலாம் சார்?”

“இப்பவே புழங்குங்கம்மா.”

கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஏங்க, அழறீங்களா?”

“போடி. கண்ணுல சிமெண்ட் தூசி.”

அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். “வரேம்மா,” என்று பொறியாளர் படியிறங்கினார். அவள் குளியலறைப் பக்கம் சக்கரத்தைத் தள்ளினாள். நாலு வருஷப் பழக்கத்தில் கணவர் சோப்புப் பெட்டியோடு பின்னால் ஓடி வந்தார்.

“நீங்க எங்க வரீங்க? வெளியில நில்லுங்க!”

சோப்பைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே உருண்டாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.