மெலானியாவின் நாற்பத்தெட்டுப் பயல்கள்

மெலானியா எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவாள். அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியானாலும், காய்ச்சல் பிள்ளையின் கன்னமானாலும், சந்தையில் குவித்திருக்கும் முட்டைக்கோஸானாலும் அப்படித்தான். உக்ரைனின் டெர்னோபில் நகர டிராலிபஸ் பணிமனையில், பேட்டரி அறையில், இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். ஷாக் அடித்தால் விரல்கள் உள்பக்கமாக மடங்கும். உள்ளங்கையால் தொட்டவனைக் கம்பி விடாது. புறங்கையால் தொட்டவன் தப்பிப்பான். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. முட்டைக்கோஸில் கரன்ட் இல்லை என்பதை அந்தக் கை இன்னும் நம்பவில்லை.

ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். தொலைபேசி எண்கள் கதவில், ஜாம் போட்ட தேதிகள் ஜாடி மூடியில், கணவர் ஸெனோவியின் மாத்திரை நேரங்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில். "காகிதத்த ஆசிட் தின்னுடும். சாக்பீஸ எதுவும் தின்னாது" என்பது அவள் கட்சி. பிரிவுபசாரத்தில் பணிமனையில் கொடுத்த தோலட்டை நோட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் எழுத ஏதாவது முக்கியமான விஷயம் வரட்டும் என்று காத்திருக்கிறாள்.

முக்கியமான விஷயம் போன இலையுதிர்காலத்திலேயே வந்துவிட்டது. ஸெனோவி முப்பது வருடம் கல் அறுத்தவர். நுரையீரலில் பாதி அந்தத் தூசிதான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஓடினால்தான் அவரால் உட்கார்ந்து பேச முடியும். போரில் மின்நிலையங்கள் அடி வாங்கியதிலிருந்து ஊரில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கரன்ட் இருந்தால் பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. அதனால் நவம்பரில் சேர்த்தவரை ஐந்து மாதமாக வெளியே விடவில்லை. டாக்டர் ஒலேஸ்யா சின்னப் பெண்; 'பானி' என்று மரியாதையாகத்தான் அழைப்பாள், ஆனால் கறார்.

"தொடர்ந்து எட்டு மணி நேரம் வீட்ல மெஷின் நிக்காதுன்னு காட்டுங்க, பானி மெலானியா. அன்னிக்கே அனுப்பிடறேன்."

"பாஸ்கா பண்டிகை வரைக்கும் டைம் குடுங்க, பானி டாக்டர்."

"நான் குடுக்கறது இருக்கட்டும். உங்களால முடியுமா?"

"அதை பேட்டரிகிட்டதான் கேக்கணும்."

கேட்கத்தான் போனாள், லிவிவ் சாலையில் உடைந்த கார்களை அறுத்து விற்கிற இடத்துக்கு. கடல் தாண்டி வந்த ஒரு மின்சாரக் காரைக் காட்டினான் விற்பவன். "ஒரு பாட்டியம்மா, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் ஓட்டியிருக்கு."

"அப்புறம் ஏன் மூக்கு வயித்துக்குள்ள போயிருக்கு?"

"பாவமன்னிப்புக்கு லேட்டாயிடுச்சு போல."

பதிலுக்காகவே அதை வாங்கினேன் என்று பிறகு சொல்வாள். உண்மையில் வாங்கியது அடிவயிற்றில் இருந்த பேட்டரிப் பெட்டியை, புறங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகு. உள்ளே நாற்பத்தெட்டு தகரக் கட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு தடித்த புத்தகம் அளவு, நாலு கிலோ கனம். அன்றிலிருந்து அவை அவளுக்குப் "பயலுங்க".

மற்றவர்கள் சோலார் போடுவதென்றால் கூரையிலிருந்து ஆரம்பிப்பார்கள். மெலானியா மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். ஸெனோவியின் மூக்குக்கு முந்நூற்றைம்பது வாட், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பம்புக்கு அறுபது, ஒரு விளக்கு. கெட்டிலுக்கு இடமில்லை. எட்டு மணி நேரம் கேட்டால் பதினாறுக்குத் திட்டம் போட்டாள், மேகம் என்ற ஒன்று இருப்பதால். கோழிக்கூண்டின் தெற்குக் கூரையில் எட்டுப் பேனல்கள். வெயில் இல்லாத நாளில், கரன்ட் வரும் சொற்ப நேரத்தில் பேட்டரி அதையும் குடித்து வைத்துக்கொள்ளும். தீப்பிடித்தால் கொட்ட வாசலில் மணல் வாளி, பணிமனைப் பழக்கம். எல்லாம் ஜாம் மூடிகளில் எழுதித் தீர்மானமானது. அவற்றைத் திறந்து ஜாம் தின்றவர்கள் திட்டத்தின் ஒரு பகுதியைக் கலைத்தார்கள் என்று திட்டு வாங்கினார்கள்.

ஆனால் கார் ஓட்டிக் களைத்த பேட்டரியில் ஒரு சிக்கல் உண்டு: எல்லாப் பயலும் ஒரே மாதிரி களைத்திருக்க மாட்டான். ஆறு ஆறு பேராக ஏழு கூட்டம் கட்ட வேண்டும், ஒவ்வொரு கூட்டத்தின் பலமும் சமமாக. ஒரு கூட்டம் நோஞ்சானாக இருந்தால் மற்ற ஆறும் அதோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும். அதனால் உருளைக்கிழங்கு அறை அலமாரியில் அடுக்கி, ஒவ்வொருவனையும் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு பழைய முகப்பு விளக்குகளைக் கட்டி வடியவிட்டு, எவ்வளவு தாங்குகிறான் என்று பார்த்தாள். நாளுக்கு இரண்டு பேர், இருபத்துநான்கு நாள். நாற்பத்துநாலு, நாற்பத்தொண்ணு, முப்பத்தெட்டு என்று அவனவன் வயிற்றில் அவனவன் மதிப்பெண்ணைச் சாக்பீஸால் எழுதினாள். தேறாத ஆறு பேர் வயிற்றில் ஒரு சிலுவை.

பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் வந்தது. ஊர் முழுக்க வீட்டைத் துலக்குகிற நாள்; அன்று ஒட்டடை இருக்கும் வீட்டில் வருடம் முழுக்க ஒட்டடை என்பார்கள். மெலானியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்லாவ்கா வந்தாள். மெலானியாவின் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் "கூமா". நல்ல மனசு, கையில் வினிகர் வாளி.

சாயங்காலம் மெலானியா திரும்பியபோது உருளைக்கிழங்கு அறையில் நாற்பத்தெட்டுப் பயல்களும் கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி பளபளவென்று வரிசையில் நின்றார்கள். ஒருவன் வயிற்றிலும் ஒரு எழுத்து இல்லை.

"அழுக்குன்னா அழுக்கு, கூமா! எவனோ கிறுக்கி வச்சிருந்தான். மூணு தண்ணி மாத்தினேன்."

மெலானியா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "அந்தக் கிறுக்கன் நான்தான்."

"எதுக்கு?"

"ஸெனோவி மூச்சு விடறதுக்கு."

ஸ்லாவ்காவின் கையிலிருந்த துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக வினிகர் விழுந்தது. "நோட்டுல எழுதி வைக்கலையா?"

இருபத்தேழு வருடம் ஆசிட் தோற்ற இடத்தில் ஸ்லாவ்கா ஜெயித்துவிட்டாள். மறுபடி சோதிக்க இருபத்துநான்கு நாள். பாஸ்காவுக்கு மூன்று நாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் பொடியாக்கினாள்.

ஸ்லாவ்கா நின்றாள், இருமினாள், ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம், "திட்டக்கூடாது" என்றாள்.

"இனிமே திட்ட என்ன இருக்கு?"

"இருக்கு. தொடைக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்தேன்."

"எதுக்கு?"

"இத்தாலில இருக்கற எந்தங்கச்சிக்கு அனுப்பத்தான். எங்கூமா வீட்ட எப்படி வச்சிருக்கா பாருன்னு." போனை நீட்டினாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

படம் தெளிவாக இருந்தது. வம்புக்கு எடுக்கும் படத்தில் ஸ்லாவ்காவின் கை ஆடுவதே இல்லை. அலமாரியின் நான்கு தட்டு, நாற்பத்தெட்டு வயிறு, நாற்பத்தெட்டு எழுத்து. மெலானியா பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கூமா, உண்மையைச் சொல்லு. தொடைக்கும்போது எடுத்து மாத்தி மாத்தி வச்சியா?"

"நாலு கிலோ கனம்! என் இடுப்புக்கு? இருந்த இடத்துலயே தொடைச்சேன். பின்பக்கம் தொடைக்கவே இல்ல." சொன்னபிறகுதான் அது ஒப்புதல் வாக்குமூலம் என்று புரிந்து நாக்கைக் கடித்தாள்.

மெலானியா ஒரு பயலைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் விரலளவு தூசி. ஒருவனும் இடம் மாறவில்லை; படத்தில் இருக்கும் வரிசைதான் அலமாரியிலும். அந்தத் தூசிக்கு முத்தம் கொடுத்தாள்.

"என் சோம்பேறித் தங்கமே!"

மறுநாள் பெரிய வெள்ளி. நோட்டின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டது. ஸ்லாவ்கா போனைப் பார்த்து வாசிக்க, மெலானியா எழுதினாள். பிறகு ஸ்பானரை எடுத்தபோது ஸ்லாவ்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "இன்னிக்கு இரும்பத் தொடக்கூடாது, கூமா. பாவம்."

"தொடறது தாமிரப் பட்டைதான். அதுக்கு எந்தப் புஸ்தகத்துல தடை போட்டிருக்கு?"

"ஸ்பானர்?"

"அது உன் கையில இருக்கட்டும். நீ நேத்தே ஒரு பாவம் பண்ணிட்ட, இதையும் சேத்துக்கோ."

ஸ்லாவ்கா திருகினாள். மெலானியா ஒவ்வொரு இணைப்பையும் அளந்து, ஃபியூஸ் போட்டு, ஒவ்வொரு கூட்டத்தையும் கண்காணிக்கும் சின்னப் பலகையைக் கடைசியில் மாட்டினாள். ஏழு கூட்டத்தின் எண்களும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியிலிருந்து வரும் கரன்டைத் தானே துண்டித்தாள். ஊரே கரன்டுக்காக ஏங்கும்போது வந்த கரன்டை அணைக்கும் ஒரே வீடு இதுதான். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரம் காலியான கட்டிலைப் பார்த்து எட்டு மணி நேரம் மூச்சுவிட்டது. மணிக்கொரு படம் டாக்டருக்குப் போனது. மூன்று மணிக்குப் பதில் வந்தது: "இன்னும் எவ்வளவு பாக்கி?"

"முக்காவாசி, பானி டாக்டர்."

"அப்ப என்ன, ஆளை வந்து கூட்டிட்டுப் போங்க."

ஞாயிறு காலை. கோயிலில் மந்திரித்து வந்த கூடையிலிருந்து பாஸ்கா ரொட்டி, பீட்ரூட் கலந்த காரக் குதிரைமுள்ளங்கி, தொத்திறைச்சி எல்லாம் மேசைக்கு வந்திருந்தன. ஸெனோவி மூக்கில் குழாயோடு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்கா வழக்கப்படி ஸ்லாவ்காவின் முட்டையோடு தன் முட்டையை மோதி அவளுடையதை உடைத்தார்.

"ஐஞ்சு மாசம் ஆஸ்பத்திரி முட்டை தின்னவன் முட்டைக்கு இவ்வளவு பலமா?" என்றாள் ஸ்லாவ்கா.

அந்த நேரம் பார்த்து, கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. பக்கத்து வீட்டு வானொலி நின்றது. தெரு முழுக்க ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. மூன்று பேரும் முட்டையைக் கையில் வைத்தபடி மூலையிலிருந்த இயந்திரத்தைப் பார்த்தார்கள். அது எதையும் கவனிக்காமல் புஸ்ஸென்று ஒரு மூச்சு, டக்கென்று ஒரு தட்டு, மறுபடி புஸ்.

ஸெனோவி குதிரைமுள்ளங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "என்ன முழிக்கிறீங்க? சாப்பிடுங்க."

மெலானியா எழுந்து உருளைக்கிழங்கு அறைக்குப் போனாள். ஏழு கூட்டத்தையும் வரிசையாகப் புறங்கையால் தொட்டாள். ஒருவனுக்கும் காய்ச்சல் இல்லை. திரும்பி வந்து கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பழக்க தோஷத்தில் புறங்கை அவர் கன்னத்தை நோக்கிப் போனது, பாதி வழியில் நின்றது. கையைத் திருப்பி, உள்ளங்கை முழுவதையும் அவர் கன்னத்தில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.