அங்கேயும் பத்து, இங்கேயும் பத்து

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சிங்கப்பூர் செம்பவாங்ல எங்க வீட்டுல அம்மா தவறிட்டாங்க. அண்ணன் இருக்கிறது நியூயார்க்ல. நான் போன் பண்ணினப்போ அங்கே நடுராத்திரி. அழுதுகிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "நான் வந்து முகத்தைப் பார்த்தப்புறம் எடுங்க, பாப்பா."

"நீங்க கெளம்புங்கண்ணே, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னேன்.

எங்க வீட்டுல நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் ஓடியாடி ஏற்பாடு பண்றது நான்தான். அதுல கொஞ்சம் கர்வமும் உண்டு. அண்ணனுக்கு வெள்ளி ராத்திரி பத்து மணி பிளைட் கெடைச்சுது. பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல, எங்கேயும் நிக்காம பதினெட்டரை மணி நேரம். விரல் விட்டு எண்ணினேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இறங்கிடுவாருன்னு, மண்டாய் தகனச்சாலையில ஏழு மணிக்கு நேரம் வாங்கிட்டேன்.

அந்த மாசம் உட்பட, வருஷத்துல பாதிக்கு மேல ரெண்டு ஊருக்கும் சரியா பன்னெண்டு மணி நேர வித்தியாசம். கடிகாரத்துல ஒரே நம்பர்தான் காட்டும். "அங்கேயும் பத்து, இங்கேயும் பத்து"ன்னு அம்மாவும் நானும் எப்பவும் சொல்லிக்குவோம். அந்தப் பழக்கத்துல, அவரோட வெள்ளி ராத்திரி நமக்கு சனிக்கிழமை காலைங்கிறது என் மரமண்டைக்கு எட்டவே இல்ல.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சிராங்கூன் ரோட்டுல மாலை வாங்கிக்கிட்டு இருந்தேன். அண்ணன்கிட்டேயிருந்து மெசேஜ். "பிளைட்ல உக்காந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லு."

அட கடவுளே, இப்பத்தான் கெளம்புறாரா! திரும்பத் திரும்ப அடிச்சேன், போன் ஆஃப். ஞாயித்துக்கிழமை விடிகாலையிலதான் வந்து சேருவாரு.

எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக்குங்கிற திறந்த கூடத்துல அம்மாவை வெச்சிருந்தோம். ஓடி வந்து அம்மாவோட தம்பி, எங்க மாமாகிட்ட, அண்ணன் நாளைக்குத்தான் வருவாருன்னு சொன்னேன். மண்டாய்ல விசாரிச்சா, ஞாயித்துக்கிழமை முழுக்க ஃபுல்லாம், திங்கட்கிழமைதானாம். "மூணு ராத்திரி வெக்கக்கூடாது லா. எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா"ன்னாரு மாமா. நான் சண்டை போட்டிருக்கணும். என் தப்பு வெளிய தெரிஞ்சுடுமேன்னோ என்னவோ, தலையாட்டிட்டேன். அன்னிக்கு ஏழு மணிக்கே, அண்ணன் வெக்க வேண்டிய கொள்ளியை மாமா வெச்சாரு. அந்நேரம் அண்ணன் எந்தக் கடலுக்கு மேல இருந்தாரோ.

மறுநாள் விடிகாலை சாங்கி ஏர்போர்ட்ல, பெட்டி வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்த அண்ணன், "எத்தனை மணிக்கு எடுக்கறோம்?"னு கேட்டாரு. எனக்கு அழுகைதான் வந்துச்சு. புரிஞ்சுக்கிட்டாரு. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

அங்கே உக்காந்தபடியே, "அம்மா முகம் எப்படி இருந்துச்சு, அதையாவது சொல்லு"ன்னாரு.

யோசிச்சுப் பார்த்தேன். நெத்தியில வெச்ச காசு ஞாபகம் இருக்கு, நான் வாங்கின மாலை ஞாபகம் இருக்கு. முகம் வரல. போனும் கையுமா அலைஞ்சேனே தவிர, ரெண்டு நாள்ல அம்மா பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காரல.

"தூங்குற மாதிரியே இருந்தாங்கண்ணே"ன்னு சொன்னேன். அதைத்தான் அவர் இன்னிக்கும் நம்பிக்கிட்டு இருக்காரு. வீட்டுலயே இருந்த நானும் அந்த முகத்தைப் பார்க்கலைங்கிறதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல.