தொடையில் உடைந்தது, மூச்சில் அடைத்தது

காய்ந்த வைக்கோலின் சுணை கழுத்தில் ஏறினால் குளித்தாலும் அரிப்பு போகாது...

பூதலூர்ப் பக்கம் வைக்கோல் வாங்கி, கேரளாவுக்கு லோடு அனுப்ப ஆரம்பித்த புதிது. எனக்குக் கூட்டாளி செல்வம். லாரி உச்சியில் நின்று கயிற்றை இறுக்கிக் கட்டுவது அவன் வேலை.

ஒரு நாள் கயிறு அறுந்தது. மல்லாந்து விழுந்தான். தொடை எலும்பு ரெண்டாகப் போச்சு.

"கால்தானே, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தான். பிரியாணி கேட்டான்!

மறுநாள் மாலை போனால், டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பார்த்து அதட்டிக்கொண்டிருக்கிறான். "கயித்த இழுடா! இன்னும் ரெண்டு வரிசை ஏத்தலாம்!"

கூட வந்த லோடுமேன்களும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். "ஊசியிலயே போதை ஏத்திட்டாங்கடா மாப்ளைக்கு. குடுத்து வச்சவன்!" என்றான் ஒருவன்.

செல்வத்தின் மனைவி மலர் சிரிக்கவில்லை. "ஊசி காலையில போட்டதுண்ணே. என்னையே யாருன்னு கேக்குறாரு... மூச்சு வாங்குது பாருங்க."

அந்த நேரம் நர்சிங் மாணவிகளோடு அவர்கள் டீச்சர் வார்டுக்குள் வந்தார். செல்வம் உளறுவதைக் கேட்டு, அருகில் வந்து அவன் சட்டையை விலக்கினார். நெஞ்சிலும் அக்குளிலும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"டாக்டரக் கூப்பிடும்மா, ஓடு!"

ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே மற்ற பெண்களிடம் சொன்னார்: "தொடை எலும்பு உடைஞ்சா உள்ள இருக்கற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரல அடைக்கலாம். மூளைக்கும் போகலாம். பேஷண்ட் உளறினா முதல்ல மூச்சப் பாருங்க."

உடைந்தது கால்... போகப் பார்ப்பது உயிரா? மலர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஐ.சி.யூ.வில் மெஷின் வைத்து மூச்சு கொடுத்தார்கள். தேறிய பிறகு தொடைக்குள் ராடு வைத்தார்கள். பிழைத்தான்.

இப்போது வயலிலேயே மெஷின் வைக்கோலை உருளையாகக் கட்டிப் போட்டுவிடுகிறது. முன்னே மாதிரி ஆள் கூட்டமும் இல்லை, கேலி கிண்டலும் இல்லை. செல்வம் லேசாகச் சாய்ந்து நடந்துவந்து, கீழே நின்றே வேலை வாங்குகிறான். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்கள் அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை.

"அப்ப நான் என்னடா பேசுனேன்?" என்று இன்னும் கேட்பான்.

"ஒண்ணுமில்லடா... தூங்கிட்டு இருந்தே" என்பேன்.

மலரும் அதையேதான் சொல்கிறாள்.