படத்திலிருந்து அழித்த இடம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் செய்தித் தளம் இயங்குகிறது. அச்சுப் பத்திரிகையில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த நான் இங்கே வந்த பிறகுதான் கோட் எழுதக் கற்றேன். பெரிதாக ஒன்றுமில்லை, அன்றாட வேலைக்கான சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள். ஒன்று விபத்துப் படங்களை மங்கலாக்கி வைக்கும். வாசகர் தொட்டால்தான் தெளிவாகும். இன்னொன்று, யாராவது கருத்துப் பகுதியில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் அதை நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிடும். எங்கள் முகப்பில் வெட்டும் குத்தும் இல்லாத நாள் குறைவு. நான் எழுதியவற்றில் பாதி ரத்தத்தை மறைப்பதற்கானவை.

அவற்றில் ஒன்று ஆறே வரி. போனில் எடுக்கும் படத்துக்குள், எடுத்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். படம் தளத்தில் ஏறும்போது அதை மட்டும் இந்த ஸ்கிரிப்ட் அழித்துவிடும். பார்ப்பவருக்குப் படம் அப்படியேதான் இருக்கும்.

கிள்ளானில் ஒருவன் தன் மனைவியை இரும்புக் குழாயால் அடித்தான். தலையில் தையல், முன்பல் இரண்டு போயிற்று, இடது காது கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பந்திங்கில் ஒரு தோழியின் வீட்டில் ஒளிந்துகொண்டாள். கணவன் ஜாமீனில் வெளியே வந்து அவளைத் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் பெண் நிருபர் பந்திங்குக்குப் போய் அவளிடம் பேசினாள். தையல் போட்ட தலையைப் பின்னாலிருந்து தன் போனில் படம் எடுத்தாள். செய்தியில் ஊர்ப் பெயர் இல்லை, முகம் இல்லை. நிருபரின் பெயர் மட்டும் மேலே இருந்தது.

செய்தி வந்த மறுநாள் காலை கணவன் மாடியேறி வந்தான். கையில் ஹெல்மெட். முடியைப் படிய வாரியிருந்தான். நிருபரின் பெயரைச் சொல்லி மரியாதையாகத்தான் விசாரித்தான். நான்தான் என்று அவள் எழுந்து நின்றாள். தன் போனில் அந்தப் படத்தைக் காட்டி, இது எங்கே எடுத்தது என்று கேட்டான். சொல்ல முடியாது என்றாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். வாங்கிய சாமான் சரியில்லை என்று கடைக்காரனிடம் முறையிடும் குரல்.

"என் தம்பி போன் கடையில வேலை செய்யறான் பாஸ். எந்தப் படத்தக் குடுத்தாலும் எங்க எடுத்ததுன்னு சொல்லிருவான். இதுல ஒண்ணுமே இல்லங்கிறான். நீங்கதானே அழிச்சீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெல்மெட் இறங்கியது. அவள் முகத்தைக் காக்கத் தூக்கிய வலது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. அடுத்த அடி காதோரம். அதுவும் இடது காதுதான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "எங்க இருக்கா?" என்று கேட்டான், பதிலுக்கு ஒரு கணம் நின்றான், பிறகு அடித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் குத்தினான். மேசையிலிருந்த கணினித் திரை உடைந்து அவள்மேல் சரிந்தது. பந்திங் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். அவள் தரையில் சுருண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நாற்காலிகள் விழும் சத்தம் கேட்டுக் கீழ்க்கடை முதலாளியும் ரொட்டி போடுபவரும் ஓடி வந்தார்கள். முதலாளி கனத்த உடம்புக்காரர். அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் உட்கார்ந்துகொண்டார். அவன் திமிற, "சும்மா கிடலா தம்பி, போலீஸ் வர்றவரைக்கும் எனக்கும் வேற வேலை இல்ல" என்றார்.

அன்று மாலை வாயில் தையலோடு உட்கார்ந்து எங்கள் தளத்தின் சர்வரைப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் தன் வேலையைப் பிசகாமல் செய்திருந்தது. இடம் படத்தில் கிடைக்காததால்தான், அது தெரிந்த ஆளைத் தேடி வந்திருக்கிறான். ஆள் யார் என்பதைச் செய்தியின் தலையிலேயே போட்டிருந்தோம். இன்னொரு வரி எழுதி, இப்படிப்பட்ட செய்திகளில் பெயருக்குப் பதில் 'நம் நிருபர்' என்று வரும்படி செய்தேன்.

மாவுக்கட்டோடு வேலைக்குத் திரும்பிய நாளில் அதைக் கவனித்தவள், கை உடைந்தது எனக்கு, பேரை எடுப்பதற்கு முன் என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றாள். அதோடு விட்டுவிட்டாள். கணவனுக்கு இந்த முறை ஜாமீன் கிடைக்கவில்லை. ஆனால் அவனுடைய தம்பி வெளியே இருந்தான். அவன் வந்து கேட்டாலும் கேட்பான் என்று, நிருபர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே அந்தப் பெண்ணைப் போனில் அழைத்து, பந்திங்கை விட்டு உடனே கிளம்பச் சொல்லியிருக்கிறாள். தாயும் மகளும் அன்றே கிளம்பிவிட்டார்கள்.

இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணே," என்றாள். "சொல்ல வந்தாங்க. வேணாம்னு போனை வச்சிட்டேன்."