சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் கணவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில், நடத்தை என்ற இடத்தில் 'மோசம்' என்று எழுதியிருந்தது. அது அறுபத்தெட்டாம் வருஷம். அந்த ஒரு வார்த்தையால் நாங்கள் பட்ட பாட்டையும், ஆண்டவர் அதை மாற்றின விதத்தையும் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அம்பத்தூரில். அப்போது ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பழைய சிப்பாய்களை டிரைவர் வேலைக்கு எடுத்தார்கள். இவரும் போவார். புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள், மூடிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் வந்து படுத்துக்கொள்வார். நான் சுபாவத்திலேயே பயந்தவள். திரும்பவும் குடிக்கப் போய்விடுவாரோ, ரயில் தண்டவாளத்துப் பக்கம் போய்விடுவாரோ என்று ராத்திரியெல்லாம் விழித்திருப்பேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் ஒருவன் தப்பு செய்தால் சிவப்பு மையில் எழுதிவைப்பார்கள். இவருக்கு அப்படி நான்கு வரி. மூன்று இவரே சம்பாதித்துக்கொண்டது. குடி, சண்டை, மறுபடியும் குடி. நான்காவது, லீவு முடிந்தும் திரும்பாமல் வீட்டிலேயே தங்கினது. அதோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நான்காவதுக்குக் காரணம் உண்டு. இவர் லீவில் வந்திருந்தபோது எங்கள் மகள் எஸ்தருக்குப் பெரியம்மை கண்டது. எங்கள் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை கண்ட வீட்டிலிருந்து அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. நாங்கள் விசுவாசிகள், அதெல்லாம் பார்க்கிறதில்லை என்று இவர் பெட்டியைத் தூக்கினார். அடுத்த வீட்டு முனியம்மாக்கா நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலை மறித்துவிட்டாள். தந்தி கொடுக்கவும் யாரும் போகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் சுகாதார ஆட்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெருவே மூடி மறைத்தது. எஸ்தர் பிழைத்தாள். இவர் தாமதமாய்ப் போய் நின்றபோது, குடிகாரன் பேச்சை யார் நம்புவார்கள் என்று, "தப்புதான் சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து முனியம்மாக்காவோடு நான் பேசுவதில்லை.

எழுபதில் பட்டாள மேலிடத்துக்கு மேல்மனு போடலாம் என்று தெரிந்தது. பூந்தமல்லி கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவர், நான்கும் பொய்க் குற்றம் என்று எழுதிவிடலாம், பொய்யாக ஒரு டாக்டர் சீட்டும் வாங்கித் தருகிறேன் என்றார். எனக்குக்கூட மனசு ஆடியது. இவர்தான், "குடிச்சது நான். அத்த இல்லன்னு எழுதாதீங்க. நாலாவத மட்டும் எழுதுங்க" என்றார். அப்படியே போனது. கொஞ்ச காலம் கழித்துப் பதில் வந்தது. பிள்ளைக்கு அம்மை கண்டதற்கு அத்தாட்சி கொடு என்றிருந்தது.

அத்தாட்சிக்கு எங்கே போவது? மறைத்த நோய்க்கு ஏது சீட்டு? நான் உடைந்துபோனேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து அழுதேன். நான் வாய்விட்டு ஜெபிக்கிறவள். "ஆண்டவரே, ஒரு சாட்சியை அனுப்பும், ஒரே ஒரு வாயைத் திறந்தருளும்" என்று கதறுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முனியம்மாக்கா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாமே, மாசக்கணக்கா உன் சாமிகிட்ட சாட்சி அனுப்பு, சாட்சி அனுப்புன்னு கத்திகினு கீற. சோத்துக்கைப் பக்கத்து செவுரு தாண்டுனா நான் கீறேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நோயை மறைத்ததைச் சொன்னால் உன்மேல் கேஸ் வருமே அக்கா என்றேன்.

"வரட்டும். உள்ள போட்டா கூழாவது ஊத்துவான் இல்ல?"

அப்படிச் சொன்னவள் பூந்தமல்லி பஸ்ஸில் என் கையை விடவேயில்லை. கோர்ட்டில் நடந்ததையெல்லாம் வாக்குமூலமாய்ச் சொன்னாள். மாஜிஸ்திரேட் ஏன் மறைத்தாய் என்று அதட்டிக் கேட்டார். "கொயந்தைய தூக்கிகினு பூடுவாங்கன்னு பயம் சார். அந்தப் பட்டாளத்துப் புள்ள போறேன்னுதான் நின்னான். நாங்கதான் வுடல" என்றாள். எழுதி வாங்கிக்கொண்டு ரேகை வைக்கச் சொன்னார். கேஸ் ஒன்றும் போடவில்லை, அந்தக் காகிதத்தைப் பட்டாளத்துக்கு அனுப்பினோம். ஸ்தோத்திரம்.

எழுபத்தொன்றில் உத்தரவு வந்தது. நான்காவது வரியை ரத்து செய்து, 'மோசம்' என்பதை அடித்து 'சுமார்' என்று மாற்றியிருந்தார்கள். நாங்கள் 'நல்லது' என்று கேட்டு ஜெபித்தோம். ஆண்டவர் 'சுமார்' கொடுத்தார். அது போதுமாயிருந்தது. இவர் அந்தக் காகிதத்தை முதலில் அடுத்த வீட்டுக்குத்தான் எடுத்துப் போனார். படிக்கத் தெரியாத முனியம்மாக்கா, "இதுல நான் சொன்னது எங்க கீது?" என்று கேட்டு, இவர் காட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அடுத்த மாதமே இவருக்கு ஆவடியில் வேலை கிடைத்தது. குடியைத் தொடுவதில்லை.

மூன்று சிவப்பு வரியும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது எங்களுடையது. எங்களுடையதல்லாததைத்தான் கர்த்தர் எடுத்துப்போட்டார். சாட்சி எங்கிருந்து வரும் என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கமே வைத்திருந்தார். இன்றைக்குப் பயந்துகொண்டு இதைப் படிக்கிற சகோதரியே, உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேள். யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாயோ, அவள் வீட்டுக் கதவையும் ஒருதரம் தட்டு.