பல்லு பிடுங்குன குழி

எனக்கு ஞானப்பல்லு எடுத்தது போன ஐப்பசியில. கீழ் வரிசையில ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. பல்லு பிடுங்குனதையெல்லாம் ஒருத்தி எழுதுவாளான்னு நெனைப்பீங்க. எங்க வீட்டுல அது சின்ன விஷயம் இல்ல. எங்க அப்பாவுக்கும் ஒரு பல்லுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

அப்பாவுக்கு லாரியில லோடு ஏத்துற வேலை. கடவாயில எப்பவும் புகையிலை ஒதுக்கி வச்சிருப்பாரு. ஒரு நாள் பல்லு வலிக்குதுன்னாரு. கிராம்பு வச்சுப் பாத்தாரு, கேக்கல. போயி பிடுங்கிட்டு வந்துட்டாரு. பத்து நாள் கழிச்சு வந்து காட்டுங்கன்னு சொல்லித்தான் விட்டுருக்காவ. இவரு போகல. குழிதான, தானா மூடும்னுட்டாரு. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, குழி மூடவே இல்ல. அதுக்குள்ளதான் புத்துநோய் இருந்துருக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகும்போது தாடை எலும்புக்குள்ள போயிருச்சுன்னாவ. ஒரு வருஷம் படுக்கையில கெடந்தாரு. பங்குனியில செத்துப்போனாரு.

அவரப் பாத்துக்கணும்னுதான் நான் பத்தாவது பரீட்சை எழுதாம நின்னேன். எழுதிருந்தாலும் பாஸாகிருப்பேனான்னு தெரியாது, அது வேற. இப்ப எனக்குப் பதினெட்டு. கோவில்பட்டியில ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கெட் போடுதேன். அம்மா காட்டு வேலைக்குப் போறா.

ஆவணியில எனக்குக் கடவாயில வலி வந்துச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா அம்மா மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த மூஞ்சியப் பாக்கதுக்கு வலியே பரவாயில்லன்னு இருந்துட்டேன். மதுரையில டாக்டரு அப்பாவ வாயத் தொறக்கச் சொல்லி, எத்தன விரல் உள்ள போகுதுன்னு பாப்பாரு. நானும் கம்பெனி பாத்ரூமுக்குள்ள போயி தெனமும் விரல வச்சுப் பாத்தேன். மூணு போச்சு. பெறகு ரெண்டு. ஐப்பசி பொறக்கும்போது ஒண்ணுதான் போச்சு. அன்னைக்கு அங்கனயே உக்காந்து அழுதேன். வெளிய ஒருத்தி கதவத் தட்டி, உள்ள என்ன குடும்பம் நடத்துதியாட்டின்னு கேட்டா.

அம்மாட்ட மாட்டுனது சோத்துலதான். நான் ஒரு பக்கமா ஒதுக்கி ஒதுக்கி மெல்லுததப் பாத்துட்டா. சாப்புட்டுக்கிட்டிருந்த கைய அப்படியே தட்டுல ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள் களை எடுக்கப் போகாம என்னையக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனா.

பல்லு டாக்டரம்மா படம் எடுத்துப் பாத்துட்டு, பல்லு நேரா மொளைக்காமப் படுத்துக் கெடக்கு, அது முன்னால உள்ள பல்ல முட்டுது, சதையில சீழு வச்சதுனாலதான் வாய் தொறக்க மாட்டேங்குதுன்னாவ. அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, வேற ஒண்ணும் இல்லைல்லான்னு கேட்டா. இல்லம்மான்னாவ. மறுபடியும் கேட்டா. மூணாவது தடவ கேக்கும்போது டாக்டரம்மா எழுதுறத நிறுத்திட்டு, ஏம்மா இப்படிக் கேக்கீங்கன்னு கேட்டாவ. நான்தான் அப்பாவப் பத்திச் சொன்னேன். அவிய என் வாய மறுபடியும் லைட்டடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, இது அது இல்லன்னு அம்மாவப் பாத்துச் சொன்னாவ. அம்மா தலைய ஆட்டுனா. நம்பல. அப்பாவுக்கும் மொதல்ல எல்லாரும் வெறும் பல்லுன்னுதான சொன்னாவ. அவளுக்குக் கணக்கு ஒண்ணுதான். குழி மூடணும்.

மாத்திரை தின்னு சீழு வத்துனதுக்குப் பெறகு ஒரு திங்கக்கிழமை எடுத்தாவ. மரத்துப்போற ஊசி போட்டதுனால வலி இல்ல. ஆனா சத்தம் கேக்கும். பனங்கெழங்க ஒடிச்ச மாதிரி என் தலைக்குள்ளேயே கேட்டுச்சு. தையல் போட்டு, பஞ்சக் கடிச்சுக்கிடச் சொல்லி அனுப்பிட்டாவ. துப்பக் கூடாது, சூடாக் குடிக்கக் கூடாது, ஐஸ் வைக்கணும், ஆறாம் நாள் வந்து காட்டணும். அந்த ஆறாம் நாள மட்டும் அம்மா நாலு தடவ திருப்பிக் கேட்டுக்கிட்டா. பஸ்ஸுல வரும்போது மாத்திரைக் கவர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஜன்னலப் பாத்தே வந்தா.

மறுநாள் என் மூஞ்சி ரெண்டு பக்கமும் பன்னு மாதிரி வீங்கிருச்சு. அம்மாவுக்கு அன்னைக்கு உளுந்துக் காட்டுல வேலை, போகாம இருக்க முடியாது. அந்த நேரம் பாத்துக் கடம்பூர்ல இருந்து அத்தை வந்து எறங்குனா. அப்பா கூடப் பொறந்த தங்கச்சி.

அத்தைக்கும் எங்க அம்மாவுக்கும் ஒரு மனக்கசப்பு உண்டு. அப்பா செத்த அன்னைக்கு அம்மா அழல. ஒரு பொட்டுக் கண்ணீர் வரல. சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு வாரவியள எல்லாம் வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா. அத்தை அத்தன பேரு முன்னாலயும், கல்லு மாதிரி உக்காந்திருக்காளே, இவளுக்கு எங்கண்ணன் போனது பாரம் எறங்குன மாதிரி இருக்கோன்னு சொல்லிட்டா. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவதான், அதுக்குப் பெறகு வாசப்படி மிதிக்கல. இப்ப எனக்குப் பல்லுன்னு யாரோ சொல்லிருக்காவ. பயந்துபோயி மொத பஸ்ஸுல ஏறிட்டா. கையில போளிப் பொட்டலம்.

என்னையப் பாத்த ஒடனே அவளுக்குப் பயம் போயிருச்சு போல. "ஏ மருமவளே, எம் மவனுக்கு ஒன்னையக் கெட்டி வைக்கலாம்னு இருந்தேன். இந்த மூஞ்சியப் பாத்தா அவன் துபாய்லயே இருந்துக்கிடுவான்"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்துச்சு. அம்மா அவள வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. தண்ணி மோந்து குடுத்துட்டு, மம்பட்டிய எடுத்துட்டுக் காட்டுக்குப் போயிட்டா.

அத்தை போளிய ஆறுன பாலுல ஊறவச்சுப் பெசைஞ்சு ஊட்டி விட்டா. ஐஸக் கவருல போட்டுத் துண்டுல சுத்தி ரெண்டு கன்னத்துலயும் பிடிச்சுக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரத்துல அவளுக்குக் கை விறைச்சுப் போச்சு. ஒடனே அம்மாவோட பழைய வெள்ளச் சேலையில ஒரு துண்டு கிழிச்சு, ஐஸோட சேத்து நாடிக்குக் கீழ கொண்டுபோயி உச்சந்தலையில முடிச்சுப் போட்டு விட்டா. நல்ல சுகமா இருந்துச்சு. மாத்திரை மயக்கம் வேற. நான் மல்லாக்கப் படுத்து அப்படியே ஒறங்கிட்டேன். அத்தை இன்னும் ஐஸ் வாங்கப் போயிட்டா.

மழை வந்து காட்டுல வேலைய நிறுத்திட்டாவ. அம்மா சீக்கிரமா வந்துருக்கா. காலெல்லாம் கரிசல் அப்பி, அதக் கழுவாமக்கூட உள்ள வந்துருக்கா.

எனக்கு மொதல்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. என்ன சத்தம்னு சொல்லத் தெரியல. கண்ண முழிச்சா அம்மா என் மேல விழுந்து கெட்டப் பிச்சுக்கிட்டிருக்கா. முடிச்சு அவுர மாட்டேங்குது. என் முடியையும் சேத்து இழுக்கா. "அவுருட்டி, இத அவுரு, எவ கெட்டுனா இத"ன்னு கத்துதா. அவுந்ததும் என் கன்னத்துலயே ஒரு அறை விட்டா. வீங்குன கன்னத்துல. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வெள்ளத் துணியில நாடியத் தூக்கித் தலையில கெட்டி, மல்லாக்கப் படுக்க வச்சா என்ன அர்த்தம்னு எங்க ஊருல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒறக்கத்துல எனக்குத்தான் தோணல. அத்தைக்கும் தோணல. ஐஸப் பத்தி மட்டுந்தான் நெனைச்சிருக்கா.

அத்தை ஐஸோட உள்ள வந்தா. "மதினி, ஐஸ் நிக்கட்டும்னு நான்தான்..." கீழ கெடந்த துணியப் பாத்தா. பாத்த எடத்துலயே உக்காந்துட்டா.

அம்மா அவளப் பாத்துச் சொன்னா. "ஒங்கண்ணனுக்கு நான்தான் கெட்டுனேன் பிள்ள. யாரையும் தொட விடல. ஒரு பக்கம் தாடையே இல்ல. எங்கன வச்சுக் கெட்டன்னு தேடுனேன். துணி வழுக்கி வழுக்கிப் போச்சு. அத நெனைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அது அவுந்துரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

பெறகு அழுதா. ஏழு மாசத்த மொத்தமா அழுதா. அத்தை தவழ்ந்துபோயி அவ மடியில தலைய வச்சு, நான் ஒன்னையக் கல்லுன்னேனே மதினி, நான் கல்லுன்னேனேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. ரெண்டு பேரும் ஒப்பாரி வச்சதக் கேட்டு அடுத்த வீட்டு அக்கா மாவுக் கையோட ஓடி வந்துட்டா. அவ என்னையத்தான் தேடிருக்கா. நான் கட்டில்ல குத்த வச்சு உக்காந்திருக்கேன், கன்னம் ரெண்டும் வீங்கி, கடவாயில எச்சி ஒழுகிக்கிட்டு. யாருக்கு என்னன்னு கேக்கா. எனக்கு வாய் தொறக்க முடியல. அத்தையக் காட்டுதேன், அம்மாவக் காட்டுதேன், என் வாயக் காட்டுதேன். அவளுக்கு ஒரு எழவும் புரியாம, சரி உசுரோட இருக்கியன்னுட்டுப் போயிட்டா. அழுதுக்கிட்டிருந்த அத்தை அதுக்குச் சிரிச்சுட்டா. அம்மாவும் மூக்கச் சிந்திக்கிட்டே சிரிச்சா. அன்னைக்கு மிச்ச போளிய அவிய ரெண்டு பேரும்தான் தின்னாவ.

அதோட எல்லாம் சரியாகிருந்தா நல்லாருக்கும். அஞ்சாம் நாள் காலையில எனக்கு வாயில வாடை அடிச்சுது. அப்பா வாய்க்குப் பக்கத்துல ஒரு வருஷம் இருந்தவ நான். கஞ்சி ஊத்துனது நான். அந்த வாடைய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளங்கையில ஊதி ஊதிப் பாத்தேன். அதே வாடைதான்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைக்குப் பூராவும் அம்மாட்ட வாயத் தொறந்து பேசவே இல்ல. மூடி இருக்கட்டும்னு போர்வைய மூஞ்சிக்கு இழுத்துக்கிட்டேன். குழியப் பாக்கவும் தைரியம் இல்ல. அம்மாவும் பாக்கல. அவ செல்போன் லைட்ட எரிய விட்டுக்கிட்டு என் பக்கத்துல வருவா, அணைச்சுட்டுப் போயிருவா. அப்படி அஞ்சாறு தடவ. நான் ஒறங்குதேன்னு அவ நெனைச்சுக்கிட்டா.

ஆறாம் நாள் டாக்டரம்மா வாயத் தொறக்கச் சொன்னாவ. ரெண்டு விரல் போச்சு. நானே கேட்டுட்டேன், வாடை அடிக்குது டாக்டர், குழி அழுகிருச்சான்னு. அம்மா வாசல்ல நின்னவ கதவப் பிடிச்சுக்கிட்டா. அவிய கொறடால எதையோ எடுத்து வெள்ளப் பஞ்சுல வச்சுக் காட்டுனாவ. பருப்புத் தோலும் ஒரு சோத்துப் பருக்கையும். பல்லே வெளக்கலையான்னு கேட்டாவ. வெளக்கலன்னேன். பயந்துக்கிட்டு ஒரு நாளும் பிரஷ்ஷ உள்ள விடல. பெறகு வாடை அடிக்காம மல்லிகைப்பூவா மணக்கும்னாவ. தையல வெட்டிக் கழுவி விட்டாவ.

பெறகு அவியளே அம்மாவக் கூப்புட்டாவ. வாங்க, வந்து நீங்களே பாருங்கன்னு சின்னக் கண்ணாடியையும் லைட்டையும் வச்சுக் காட்டுனாவ. அம்மா குனிஞ்சா. அவ மூச்சு என் மூக்குல பட்டுச்சு. ரொம்ப நேரம் பாத்தா. "செவப்பா இருக்கே"ன்னா. அது புதுச் சதைம்மா, அடியில இருந்து வளந்து வருது, ஓரமெல்லாம் சேந்துருச்சு பாருங்க, மிச்சமும் ரெண்டு மாசத்துல மூடிரும்னாவ. அந்தப் பக்கத்தையும் காட்டச் சொல்லிப் பாத்தா. அங்கயும் அப்படித்தான். அம்மா நிமிந்து, "மூடுதுட்டி"ன்னா. எனக்குத் தெரியாத மாதிரி என்ட்டயே சொன்னா.

பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சுது. பஸ் ஸ்டாண்ட விட்டு வெளிய வரதுக்குள்ள அம்மா என் தோள்ல சாஞ்சு ஒறங்கிட்டா. வாயத் தொறந்துக்கிட்டு, கொறட்டையோட. அப்பா படுத்ததுல இருந்து அவ அப்படி ஒறங்கி நான் பாக்கல. ஒரு கண்ணு எப்பவும் முழிச்சே கெடக்கும். எங்க ஸ்டாப்பு வந்துச்சு. கண்டக்டர் அண்ணாச்சி, எறங்கலையாம்மான்னாரு. நான் அம்மாவக் காட்டிட்டு, பரவால்ல போங்கன்னு கையக் காட்டுனேன். பொம்பளையளுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட்டும் கெடையாது. அவரு ஒரு மாதிரி பாத்துட்டு விசில் குடுத்துட்டாரு. மழை பெஞ்ச காடு ரெண்டு பக்கமும் கறுப்பா ஓடிக்கிட்டிருந்துச்சு. என் தோள் மரத்துப்போச்சு, நான் அசையல.

கயத்தாறுல பஸ் நின்னு எல்லாரும் எறங்கும்போதுதான் முழிச்சா. இது எந்த ஊருட்டின்னு கேட்டா. சொன்னேன். கூறு கெட்டவளே, எழுப்பக் கூடாதான்னு என் தொடையில ஒண்ணு வச்சா. பெறகு சேலையச் சரி பண்ணிக்கிட்டு எறங்கி, எனக்குப் பசிக்குது, ஒனக்கு இட்லி எறங்குமான்னு கேட்டா. எறங்கும்னேன்.